செப்டம்பர் 11: ஒரு நாளும் பல நினைவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழா என்பது ஒரு நாளைத் திரும்பிப் பார்க்கும் விழா. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளில் சிலர் கூடினர். ஒரு வட்டம் பிறந்தது. அந்த நாளை இன்று நாம் கொண்டாடுகிறோம். ஆகவே, நாள் என்பதைப் பற்றியே பேசலாம் என்று எண்ணினேன். ஒரே தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்த செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்று நாளிதழ்களில் மிகுந்திருக்கிறது. ‘இந்த நாளில்’ என்று தலைப்பிட்டு ஒரு பத்தி வெளியிடுவார்கள். பிறந்தவர் யார், மறைந்தவர் யார், எந்தப் போர் தொடங்கியது, எந்தக் கருவி கண்டுபிடிக்கப்பட்டது என்று பட்டியல் இருக்கும். படித்துவிட்டு மறந்துவிடுவோம். அந்தப் பட்டியலைக் கவிஞன் எப்படிப் படிக்க வேண்டும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வினா.

நாளைத் தமிழர் எண்ணிய முறை

வள்ளுவப் பெருந்தகை நிலையாமை அதிகாரத்தில் நாளை ஒரு வாளாகக் கண்டார். உயிரைச் சிறிது சிறிதாக அறுக்கும் வாள் அது. தொல்காப்பியர் ஒரு நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஓர் உணர்வோடு இணைத்தார். யாமம் குறிஞ்சிக்கு உரியதாயிற்று. மாலை முல்லைக்கு உரியதாயிற்று. பொழுதுக்கு ஒரு மனம் உண்டு என்று கண்ட மரபு நம்முடையது.

ஆனால் மறைந்தோரை நினைக்கும்போது தமிழர் தேதியைக் கொள்ளவில்லை. திங்களையும் விண்மீனையும் கொண்டனர். நமக்கு அண்மையில் பாடியில் இருக்கும் திருவலிதாயம் ஞானசம்பந்தர் பாடிய தலம். அவருடைய குருபூசை வைகாசி மூலத்தில் நடைபெறுகிறது. சற்று அப்பால் இருக்கும் திருமுல்லைவாயில் சுந்தரர் பாடிய தலம். அவருக்கு ஆடிச் சுவாதி. அப்பருக்குச் சித்திரைச் சதயம். மாணிக்கவாசகருக்கு ஆனி மகம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாள்கள் மறக்கப்படவில்லை. ஆனால் எந்த ஆண்டு என்று கேட்டால் அறிஞர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாளை வைத்துக்கொண்டு ஆண்டை விட்டுவிட்ட மரபு இது. காலம் வட்டமாகச் சுழல்கிறது என்று நம்பியவர்களுக்கு ஆண்டின் எண் தேவைப்படவில்லை போலும்.

ஆங்கிலேயர் வருகைக்குப் பின் தேதி வந்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளைப் பாருங்கள். நடுவில் ஆங்கிலத் தேதி பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் தமிழ்த் திங்களும் நாளும் சிறிய எழுத்தில் இருக்கும். அடியில் விண்மீனும் திதியும் நல்ல நேரமும் இராகு காலமும் இருக்கும். ஒரே தாளில் இரண்டு மூன்று காலக் கணக்குகள் குடியிருக்கின்றன. நாள்தோறும் அவற்றைச் சேர்த்தே கிழிக்கிறோம்.

தேதி என்பது இயற்கை தந்த பொருளன்று, மனிதன் வகுத்த ஏற்பாடு என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1752ஆம் ஆண்டு இங்கிலாந்தும் அதன் ஆட்சியிலிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களும் பழைய நாட்காட்டியை விட்டுப் புதிய நாட்காட்டிக்கு மாறின. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. இடையிலிருந்த 11 நாள்கள் இல்லாமற் போயின. அந்த நாடுகளில் 1752இல் செப்டம்பர் 11 என்ற ஒரு நாளே கிடையாது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் பழைய கணக்குப்படி பிறந்தது பிப்ரவரி 11. புதிய கணக்கு அதைப் பிப்ரவரி 22 ஆக்கியது. பிறந்த நாளே இடம் மாறிவிட்டது. அன்று செப்டம்பர் 11ஐ இழந்திருந்த அதே அமெரிக்காவில், 249 ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தேதி எத்தகைய பொருள் பெற்றது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மூவகை ஒற்றுமை

ஒரே தேதியில் நிகழ்ந்தவற்றை நான் மூவகையாகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். தற்செயலாக ஒன்றுபட்டவை ஒரு வகை. மனிதர் வேண்டுமென்றே தேர்ந்துகொண்டவை இன்னொரு வகை. ஒன்றன் காரணமாக மற்றொன்று வந்து சேர்ந்தவை மூன்றாம் வகை.

முதல் வகைக்கு அமெரிக்க வரலாற்றில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1776 ஜூலை 4 அன்று அந்நாட்டின் விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்டது. அதை எழுதியவர் தாமஸ் ஜெபர்சன். அதற்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். இருவரும் பின்னாளில் குடியரசுத் தலைவர்கள் ஆனார்கள். அந்தப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாளாகிய 1826 ஜூலை 4 அன்று, இருவரும் ஒரே நாளில் மறைந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து 1831 ஜூலை 4 அன்று இன்னொரு முன்னாள் தலைவரான ஜேம்ஸ் மன்றோவும் மறைந்தார். மக்கள் இதை இறைவன் அருளின் அடையாளம் என்றே கொண்டார்கள். நம் சுவாமி விவேகானந்தர் பேலூர் மடத்தில் 1902இல் மறைந்ததும் ஜூலை 4 அன்றுதான். அவர் 1898இல் காஷ்மீரத்தில் இருந்தபோது அந்த அமெரிக்கத் திருநாளைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு கவிதையும் எழுதியிருந்தார்.

கேட்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கறிந்தவர்கள் ஒன்று சொல்வார்கள். 23 பேர் கூடியிருக்கும் ஓர் அவையில், இருவருக்கேனும் ஒரே பிறந்த நாள் அமைவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல். இந்த அரங்கில் அதைவிடப் பலர் இருக்கிறீர்கள். நாள்களோ 365, நிகழ்ச்சிகளோ கோடி. தேடினால் எந்த நாளுக்கும் பத்து வியப்புகள் கிடைக்கும். ஆகவே தேதி பொருந்திவிட்டது என்பதற்காக விதியையும் சோதிடத்தையும் அழைத்துவர வேண்டியதில்லை. பாரதி இயலைப் பயின்ற அவையில் இதை நான் விரித்துரைக்க வேண்டா.

இரண்டாம் வகை, தேர்ந்துகொண்ட நாள். 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் முழு விடுதலை உறுதிமொழி எடுக்கப்பட்டது. அந்த நாளின் நினைவு அழியக் கூடாது என்பதற்காகவே 1950இல் அரசியல் சட்டம் அதே ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கே தற்செயல் இல்லை. மனிதரின் மன உறுதி இருக்கிறது. 1947 ஆகஸ்டு 15ஐயும் மவுண்ட்பேட்டன் தேர்ந்தே குறித்தார். ஜப்பான் சரணடைந்த நாள் அவர் மனத்தில் இருந்தது. ஆனால் அந்த நாள் அரவிந்தரின் பிறந்த நாளாகவும் இருந்தது தற்செயல். புதுச்சேரியில் பாரதியின் தோழராயிருந்த அரவிந்தர், அந்த விடுதலை நாளுக்கென்று திருச்சிராப்பள்ளி வானொலிக்கு எழுதியளித்த செய்தியில் அதைத் தற்செயலாகத் தாம் கருதவில்லை என்றே தெரிவித்தார். ஒரே நாளில் தேர்வும் தற்செயலும் கூடி நிற்பதை அங்கே காண்கிறோம்.

அமெரிக்காவில் இந்தத் தேர்வு இன்னும் கூர்மையாக நடந்தது. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827 ஜூலை 4 அன்று சட்டப்படி முடிவுக்கு வந்தது. ஆனால் அங்கிருந்த கறுப்பின மக்களில் பலர் தங்கள் விடுதலையை மறுநாள், ஜூலை 5 அன்று கொண்டாடினார்கள். அடிமையாயிருந்து தப்பிப் பெரும் சொற்பொழிவாளராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ், 1852இல் ராச்செஸ்டர் நகரில் விடுதலை நாள் உரையாற்ற அழைக்கப்பட்டபோது ஜூலை 5 அன்றுதான் பேசினார். உங்கள் விடுதலை நாள் ஓர் அடிமைக்கு என்ன பொருள் தருகிறது என்று கேட்டார். அந்த உரை அந்நாட்டின் பேருரைகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது.

இங்கே ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டும். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய ஜெபர்சன், ஐம்பதாம் ஆண்டு நாளில் மறைந்தார் அல்லவா? அடுத்த ஆறு திங்களில், 1827 ஜனவரியில், அவருடைய கடனை அடைப்பதற்காக அவர் பண்ணையின் அடிமைகள் 130 பேர் ஏலத்தில் நிறுத்தப்பட்டார்கள். ஜூலை 4இன் வியப்பைச் சொல்பவர்கள் இந்த ஜனவரி ஏலத்தைச் சொல்வதில்லை. வியப்பான தேதி ஒன்று, அதற்குப் பக்கத்திலிருக்கும் தேதியை மறைத்துவிடக் கூடும். கவிஞன் கருத்தூன்ற வேண்டிய இடம் இது.

நம் நாள்

மூன்றாம் வகைக்கு வருமுன், தமிழிலக்கிய அன்பர்கள் ஆண்டுதோறும் கூடும் ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். அது செப்டம்பர் 11.

1893ஆம் ஆண்டு செப்டம்பர் 11, திங்கட்கிழமை. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் சர்வசமயப் பேரவை தொடங்கியது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400ஆம் ஆண்டையொட்டி நடந்த உலகக் கண்காட்சியின் ஒரு பகுதி அது. இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வழிதவறி அமெரிக்காவை அடைந்தவருக்கு எடுத்த விழாவில், இந்தியாவிலிருந்து ஓர் இளந்துறவி போய் நின்றார். அவரை அனுப்பிவைத்ததில் தமிழகத்தின் பங்கு பெரிது. இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கினார். திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாள் என்னும் பள்ளி ஆசிரியர் சென்னை இளைஞர்களோடு வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினார். அவையோரைச் சகோதரிகளே, சகோதரர்களே என்று விளித்த அந்தச் சிற்றுரையில், அன்று காலை ஒலித்த மணி மதவெறிக்குச் சாவுமணியாகட்டும் என்ற நம்பிக்கையை விவேகானந்தர் தெரிவித்தார்.

1906ஆம் ஆண்டு செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில், எம்பயர் நாடக அரங்கில், ஏறத்தாழ 3000 இந்தியர்கள் கூடினார்கள். ஆசியர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துச் சான்றிதழ் பெற்று, எந்நேரமும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று டிரான்ஸ்வால் அரசு சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பணிவதில்லை என்று அந்த அவையினர் இறைவன் சாட்சியாக உறுதி எடுத்தார்கள். பின்னாளில் சத்தியாக்கிரகம் என்று பெயர் பெற்ற போர்முறை அங்கே பிறந்தது. மறுநாள் அந்த அரங்கம் தீக்கிரையாயிற்று என்று காந்தியடிகளே எழுதியிருக்கிறார். அரங்கம் எரிந்தது, உறுதிமொழி எரியவில்லை. அந்தப் போரில் முன்னணியில் நின்றவர்களுள் தம்பி நாயுடு ஒருவர். சிறை சென்றவர்களில் தமிழர் தொகை மிகுதி. நாகப்பன் 1909இலும் நாராயணசாமி 1910இலும் உயிர் நீத்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை 1898 பிப்ரவரி 22இல் பிறந்து, சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22இல் மறைந்தார். பிறந்த நாளே மறைந்த நாளாயிற்று. வாஷிங்டனுக்குப் புதிய நாட்காட்டி தந்த அதே பிப்ரவரி 22.

1921ஆம் ஆண்டு செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை இரவு. அளசிங்கப் பெருமாள் வாழ்ந்த அதே திருவல்லிக்கேணியில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், பாரதியார் படுக்கையில் கிடந்தார். பார்த்தசாரதி கோயில் யானை தள்ளியதால் ஏற்பட்ட காயங்களிலிருந்து அவர் தேறியிருந்தார். ஈரோட்டுக் கருங்கல்பாளையம் வாசகசாலைக்குச் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிப் பேசிவிட்டும் வந்திருந்தார். அதன்பின் வயிற்றுக்கடுப்பு அவரைப் பற்றியது. நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் உயிர் பிரிந்தது. அகவை 38. இறுதி ஊர்வலத்தில் நடந்தவர்கள் மிகச் சிலர்.

நள்ளிரவு கடந்துவிட்டதால், ஆங்கிலக் கணக்கில் அது செப்டம்பர் 12. நள்ளிரவில் நாள் மாறுகிறது என்பது மேலையோர் கணக்கு. ஞாயிறு எழும்போதுதான் நாள் மாறுகிறது என்பது நம் முன்னோர் கணக்கு. அந்தக் கணக்கில், பாரதி மறைந்த யாமம் முந்திய நாளுக்கே உரியது. நூல்கள் 11 என்றும் 12 என்றும் இரு வகையாகத் தருவதன் காரணம் இதுவே. தமிழ்நாட்டு அரசு 2021இல், பாரதி நினைவு நூற்றாண்டின்போது, செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாக அறிவித்தது. சிலர் இந்த ஒருநாள் வேறுபாட்டைப் பெரிய பூசலாக்குகிறார்கள். என் கருத்தில், இரு காலக் கணக்குகளுக்கு இடைப்பட்ட இருளில் அவர் மறைந்தார். அதனால் இரு கணக்குகளும் அவரை உரிமை கொண்டாடுகின்றன. பழமைக்கும் புதுமைக்கும் இடையே பாலமாக நின்ற கவிஞருக்கு இது பொருந்தவே பொருந்தும்.

பரமக்குடி

இனி மூன்றாம் வகை. 1957ஆம் ஆண்டு செப்டம்பர் 11, புதன்கிழமை.

இராமநாதபுரம் மாவட்டத்தில் அப்போது சாதிப் பூசல் மூண்டிருந்தது. செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அமைதிக் கூட்டம் ஒன்று நடந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் அதில் கலந்துகொண்டவர்களுள் இம்மானுவேல் சேகரன் ஒருவர். 1924இல் செல்லூரில் பிறந்தவர். இராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர். தீண்டாமைக்கு எதிராக இளைஞர்களைத் திரட்டியவர். மறுநாள் மாலை, பரமக்குடியை அடுத்த எமனேஸ்வரத்தில் பாரதி நினைவு நாள் விழா. அதில் அவர் கலந்துகொண்டு பேசினார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். விழா முடிந்து திரும்பிய அவர், அன்றிரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அகவை 32. அதைத் தொடர்ந்து அம்மாவட்டம் கலவரத்தில் மூழ்கியது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின.

அன்பர்களே, இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியுமா? இம்மானுவேல் சேகரன் அன்று மாலை எமனேஸ்வரம் போனதற்குக் காரணமே அது பாரதி நாள் என்பதுதான். சாதியில்லை என்று பாடிய கவிஞரின் விழாவில் நின்றது அவர் வாழ்வின் கடைசி மேடையாயிற்று. புதுச்சேரியில் கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட இளைஞருக்குப் பூணூல் அணிவித்து, ஊராரின் பகையைப் பொருட்படுத்தாமல் நின்றவர் பாரதி. அவர் பாட்டைச் சாதி ஒழிப்பின் குரலாகக் கேட்ட ஓர் இளைஞர், அந்தப் பாட்டின் விலையைத் தம் உயிரால் கொடுத்த நாளாகவே இதை நான் காண்கிறேன்.

இந்திய அஞ்சல் துறை 2010இல் இம்மானுவேல் சேகரனுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று பரமக்குடியிலுள்ள அவர் நினைவிடத்தில் பல்லாயிரவர் கூடுகின்றனர். 2011இல் அந்த நாளிலேயே அங்குக் காவல்துறையின் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து மீண்டும் உயிர்கள் பலியாயின. அந்த ஊரில் செப்டம்பர் 11க்குச் சாலையெங்கும் காவலர் நிற்கிறார்கள். சென்னை அரங்குகளில் அதே நாளில் நாம் மாலையிட்டுப் பாரதியைப் பாடுகிறோம். இரண்டும் ஒரே நாள். இரண்டுக்கும் இடையே ஒரு சொல்லும் போய்வருவதில்லை. ஜூலை 4ஐயும் ஜூலை 5ஐயும் போல, நம் செப்டம்பர் 11க்குள்ளேயே இரண்டு நாள்கள் இருக்கின்றன.

அயல்நாட்டு இழப்புகள்

1973ஆம் ஆண்டு செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர் சால்வதோர் அலெண்டேயின் மாளிகைமீது அந்நாட்டு வானூர்திகளே குண்டு வீசின. அலெண்டே அன்று உயிரிழந்தார். தமிழ்க் கவிஞர்கள் பலர் நேசிக்கும் பாப்லோ நெருதா, 12 நாள்கள் கழித்துச் செப்டம்பர் 23 அன்று மறைந்தார். அலெண்டேயின் ஆட்சியை நிலைகுலையச் செய்ய அமெரிக்க உளவுத்துறை பாடுபட்டது என்பது பின்னர் அமெரிக்க மேலவைக் குழுவின் விசாரணையிலேயே வெளிப்பட்டது.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11. அதுவும் செவ்வாய்க்கிழமை. கடத்தப்பட்ட வானூர்திகள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களிலும் வாஷிங்டன் அருகிலுள்ள பாதுகாப்புத் தலைமையகத்திலும் மோதின. நான்காவது ஊர்தி பென்சில்வேனியா வயலில் வீழ்ந்தது. ஏறத்தாழ 3000 உயிர்கள் போயின. மதவெறிக்குச் சாவுமணி ஒலிக்கட்டும் என்று விவேகானந்தர் சொன்ன அதே நாட்டில், சரியாக 108 ஆண்டுகள் கழித்து, மதவெறி தன் கோர முகத்தைக் காட்டியது. ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய 3000 பேர் கொல்லாமை வழியைக் கண்ட நாளும் அதுவே.

அமெரிக்கர்கள் மாதத்தையும் நாளையும் எண்ணாக அடுக்கி அந்தத் துயரத்துக்கு ஒரு பெயரிட்டார்கள். உலகெங்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சிலி நாட்டவர் கேட்கிறார்கள்: எங்களுக்கும் ஒரு செப்டம்பர் 11 உண்டே, அதை யார் நினைப்பார்கள்? வலிமையுள்ளவர்களின் துயரம் தேதியை வென்றுவிடுகிறது. வலிமையற்றவர்களின் துயரம் அதே தேதியில் வாடகைக்குக் குடியிருக்கிறது. நியூயார்க்கில் இறந்தவர்களின் துயரம் சிறிதென்று சொல்ல வரவில்லை. காலையில் பணிக்குச் சென்று மாலையில் வீடு திரும்பாத எளியவர்கள் அவர்கள், நம்மைப் போன்றவர்கள். ஒரு துயரத்தை நினைப்பதற்கு இன்னொன்றை மறக்க வேண்டியதில்லை என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

கவிஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்

இந்த அவையில் கவிஞர்கள் மிகுந்திருப்பதால் மூன்று கருத்துகளை வேண்டுகோளாக முன்வைக்கிறேன்.

முதலாவது, எண்ணின் மயக்கத்துக்கு ஆட்பட வேண்டா. 108 என்பதும் மூன்று செவ்வாய்க்கிழமை என்பதும் காதுக்கு இனியவை. கவியரங்கில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் தேதியின் பொருத்தம் கவிதைக்குத் தொடக்கமாகலாம், முடிவாகக் கூடாது. சிக்காகோவையும் நியூயார்க்கையும் இணைப்பது 11 என்ற எண்ணன்று. மனிதன் தன் நம்பிக்கையை அன்பாக்குவானா, ஆயுதமாக்குவானா என்ற கேள்வி இரண்டையும் இணைக்கிறது. அந்தக் கேள்வி ஆண்டின் 365 நாள்களுக்கும் பொதுவானது.

இரண்டாவது, ஒரு நாளைப் பாடும்போது அந்த நாளின் மறுபக்கத்தையும் தேடுங்கள். டிசம்பர் 25 என்றால் கிறித்துமசு என்பர். தமிழகத்தில் அது கீழ்வெண்மணியும்கூட. 1968இல் அந்த இரவில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். ஜனவரி 30 என்றால் காந்தியடிகள் என்பர். 1874இல் அதே நாளில் வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் தம் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். ஒரு நாளுக்குள் இன்னொரு நாள் மடிந்து கிடக்கிறது. அந்த மடிப்பைப் பிரித்துக் காட்டுவது கவிஞன் பணி.

மூன்றாவது, நினைவு நாளைச் சடங்காக்கிவிட வேண்டா. நடுகல் நட்ட நம் முன்னோர் வீரனின் பெயரையும் அவன் செய்த செயலையும் கல்லில் பொறித்தார்கள். ஆநிரை மீட்டு மாண்டான் என்று எழுதினார்கள். செயல் இல்லாமல் பெயரை மட்டும் ஏத்துவது அந்த மரபுக்கு ஏற்றதன்று. பாரதி என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் பாரதிக்கு மாலையிட்டால், அவர் இறந்த நாளை மட்டுமே நாம் கொண்டாடுகிறோம்.

வட்டத்துக்கு ஒரு கோரிக்கை

முடிவாக, வட்டத்தின் பொறுப்பாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த செப்டம்பர் 11 அன்று இங்கே பாரதி நினைவுக் கூட்டம் நடக்கும்போது, எமனேஸ்வரத்தில் நடந்த அந்தப் பாரதி விழாவையும், அதில் பேசிவிட்டுத் திரும்பி வராத இளைஞரையும் ஒருவரேனும் எடுத்துரைக்க வேண்டும். அது எந்தச் சாதிக்கும் எதிரான பேச்சாக அமைய வேண்டியதில்லை. எந்தக் கட்சிக்கும் உரிய பேச்சாகவும் அமைய வேண்டியதில்லை. பாரதியை நம்பி மேடையேறியவர் ஒருவரைப் பாரதி அன்பர்கள் நினைப்பது மட்டுமே. முடியுமானால், பரமக்குடிப் பகுதியிலிருந்து ஒரு கவிஞரை அழைத்து வந்து இங்கே பாடச் செய்யுங்கள். நம்மில் இருவர் அங்கே போய்ப் பாடட்டும்.

இதைச் சொல்வதில் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். இலக்கிய வட்டத்துக்கு இது எதற்கு, வீண் பூசல் வந்து சேருமே என்று எண்ணலாம். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பத்தாண்டுகள் ஒரு வட்டத்தை உடையாமல் காப்பது எளிய செயலன்று. பல கருத்துடையோர் ஒரே பாயில் அமர்ந்து கவிதை கேட்பதே நம் வெற்றி. ஆயினும் பல சாதியினரும் பல சமயத்தவரும் ஆலைத் தோழர்களாகவும் அண்டை வீட்டாராகவும் வாழும் இந்தப் புறநகரில் இதைச் சொல்ல முடியாவிட்டால், தமிழ்நாட்டில் வேறெங்குச் சொல்ல முடியும்? பாரதியே அச்சத்தை அறவே வெறுத்த கவிஞர் அல்லவா?

பத்தாண்டு நிறைவுற்ற இந்த வட்டம் பல்லாண்டு வளர வேண்டும். இதன் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் பலருக்கு இடம் தருவதாக இருக்க வேண்டும்.